தலையில் எண்ணெய், பாயில் காற்று

மும்பை கேட்வே படித்துறைக்கு எதிரே அந்தச் சனிக்கிழமை காலை நல்ல காற்று. என் துப்பட்டா பறந்தது, பக்கத்துப் படகின் கொடி படபடத்தது, கயிற்றில் உலர்த்தியிருந்த கைக்குட்டை ஒன்று எலிஃபண்டா தீவின் திசையில் தனியாகக் கிளம்பியே போய்விட்டது. எங்கள் படகு மட்டும் நகரவில்லை.

பெரிய பாய் உச்சி வரை ஏறியிருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது, இஸ்திரி போட்டு வந்த வேட்டி மாதிரி. என் கணவர் சுக்கான் கட்டையைப் பிடித்தபடி அதை அண்ணாந்து பார்த்தார். கயிற்றை இழுத்தார், தளர்த்தினார், மறுபடி இழுத்தார். உள்ளே ஏறிவரும் கடல் எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், படகைக் கட்டிவைக்கும் மிதவைக்குப் பக்கத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டது.

சுற்றுலாப் படகு ஒன்று எங்களைத் தாண்டியது. மேல்தட்டில் இருந்தவர்கள் எங்களை வீடியோ எடுத்தார்கள். வழக்கமாக இவர் கையாட்டுவார். அன்று ஆட்டவில்லை.

"என்னமோ சரியில்லை, விஜி. நேக்குத்தான் கை மறந்துபோச்சோ என்னவோ."

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளுக்கு ஏன் அத்தனை மரியாதை என்று சொல்வதற்கு முன், இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக, செம்பூர்க்காரர்கள் இரண்டு பேர் கடலில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை இடித்தார்கள், படகில் ஏறினோம்

எங்கள் செம்பூர்க் கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போனது. புதுக் கட்டடம் எழும்ப மூன்று வருஷம் என்றார்கள். மும்பையில் மூன்று வருஷம் என்றால் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற குடும்பங்கள் பாண்டுப்பிலும் அதற்கு அப்பாலும் வாடகைக்கு வீடு பார்த்தன. என் கணவர் கணேசனிடம் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. முப்பத்திரண்டு அடி நீளம், பத்தடி அகலம், பாய்மரம் ஒன்று, பெயர் மார்கரெட்.

இவர் வேலை பார்த்தது டிராம்பேயில், ஒரு தொழிற்சாலையின் வால்வுகளோடும் அழுத்தமானிகளோடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மாட்டுங்காவில் தோசைக்காக வரிசையில் நிற்கும்போது, இவர் யாரோ ஒரு பணக்காரரின் படகில் கயிறு இழுக்கப் போவார். இருபது வருஷம் இழுத்தார். பணக்காரருக்கும் வயதாகி, படகுக்கும் வயதாகி, வேறு யாரும் சீந்தாத நிலையில் மார்கரெட் எங்களிடம் வந்து சேர்ந்தாள். பெயரை மாற்றுங்கள் என்றேன். பேப்பர் வேலை ஜாஸ்தி என்றார். மாட்டுங்காவில் இருக்கும் என் அக்கா லலிதா இன்றுவரை போனில் "மார்கரெட் எப்படி இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள், என் நாத்தனாரை விசாரிப்பது போல.

மழைக்காலம் முழுவதும் படகு ஒரு பட்டறையில் முட்டுக்கொடுத்து நின்றது. ஏணி வைத்து ஏறி இறங்கிக் குடித்தனம் நடத்தினோம். மழை விட்டதும் தண்ணீரில் இறக்கினார்கள். ஆனால் நினைத்த மாத்திரத்தில் தெற்கே கிளம்பிவிட முடியாது. மழை ஓய்ந்தாலும் கடல் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டுதான் இருக்கும். அரபிக்கடலில் எங்காவது ஒரு தாழ்வு நிலை சுழன்றுகொண்டிருக்கும். இவர் தினமும் போனில் மூன்று விதமான வானிலைப் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள்" என்பார். முதலில் கொச்சி, உடம்பும் மனசும் ஒத்துழைத்தால் கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடி. இதுதான் இவருடைய ஆசை. எனக்கு அப்போது செம்பூர் ஸ்டேஷனைத் தாண்டி எந்த ஆசையும் கிடையாது.

மூன்றாவது விசில்

காத்திருந்த அந்த நாட்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். சமையலறை என்பது ஊஞ்சல் ஆடும் ஒரு அடுப்பும் என் மடி அளவு மேடையும். நான் கொண்டுபோனது பத்தொன்பது டப்பா. இவர் ஆறுக்கு இடம் காட்டினார். மிச்சம் பதின்மூன்றும் இவர் தலைமாட்டில் போயின. பெருங்காய வாசனையில் தூங்குவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

சுற்றுலாப் படகு ஒன்று போனால், அதன் அலை எங்களிடம் வந்து சேர ஒன்றரை நிமிஷம் ஆகும். அதற்குள் ரசத்தை இறக்கி, காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் ரசத்தை மூன்று முறை துடைத்தேன். இரண்டாவது வாரம் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்தப் படகு என்று சொல்ல ஆரம்பித்தேன். ஹார்பர் லைன் ரயிலில் இருபத்தெட்டு வருஷம் போய்வந்தவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. கடல் ஏறி இறங்கும் ஏற்றவற்றக் கால அட்டவணையும் ரயில் டைம்டேபிள் மாதிரிதான். தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

என் குக்கர் விசில் துறைமுகத்தில் பிரசித்தம். பக்கத்து மீன்பிடிப் படகில் இருந்தவர்கள் விசிலை எண்ணுவார்கள். மூன்றாவது விசிலுக்கு ஒருவர் எழுந்து நின்று, "மாவுஷி, பஸ், கேஸ் பந்த் கரோ" என்று கத்துவார், போதும் சித்தி, கேஸை அணை என்று அர்த்தம். ஒரு நாள் மறந்தே போயிருந்தேன். அவர் சொல்லித்தான் அன்றைய பருப்பு பிழைத்தது.

எங்கள் செம்பூர்க் கட்டடத்து சொசைட்டி மீட்டிங்குக்கு நான் போனில் வீடியோவில் கலந்துகொள்வேன். என் முகத்துக்குப் பின்னால் தாஜ் ஹோட்டல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும். இரண்டாவது மீட்டிங்கில் செக்ரட்டரி, "மேடம், கேமராவை ஆஃப் பண்ணுங்கோ, எங்களுக்கு வயத்தைப் புரட்டறது" என்று கேட்டுக்கொண்டார்.

இப்படி ஒன்றரை மாதம். நடுவில் எப்போது என்று தெரியாமல் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத இக்கட்டில் இருந்தேன், ஏனென்றால் நான்தான் கண்டிஷன் போட்டவள்.

நான் போட்ட கண்டிஷன்

படகுக்குக் குடிபோக ஒப்புக்கொண்ட அன்றே சொல்லியிருந்தேன். "தீபாவளிக்கு நான் கங்கா ஸ்நானம் பண்றதுக்குள்ள துறைமுகத்தைத் தாண்டியிருக்கணும். பாய் விரிச்சுத்தான் தாண்டணும், இன்ஜினைப் போட்டு ஏமாத்தப்படாது. இல்லைன்னா மார்கரெட்டை வித்துட்டு பாண்டுப்ல வீடு பார்க்கணும்."

இன்ஜின் எங்களிடம் இருந்தது. சின்னது. படித்துறை வரை போய்வரும், கொச்சிக்குப் போகாது. பாய் வேலை செய்தால்தான் தெற்கு.

இவர் உடனே ஒப்புக்கொண்டார். லலிதாவைப் போனில் கூப்பிட்டுச் சாட்சி வைத்தேன். எங்கள் வீட்டில் லலிதா சாட்சி என்றால் பத்திரம் பதிந்த மாதிரி. தீபாவளி முடிந்ததும் படகை விலைக்குப் பார்க்க வருவதாக அலிபாக்கில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அது இவருக்கும் தெரியும்.

தாராவிக்குப் போன பாய்

பெரிய பாயில் முழம் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. இவர் படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவதில் முழுகியிருந்ததால், தைத்து வாங்கிவரும் வேலை எனக்கு வந்தது. "கிழிசலை மட்டும் தைச்சாப் போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை.

டாக்ஸியில் பாய் மூட்டையோடு தாராவி போனேன். அங்கே செல்லத்துரை அண்ணாச்சி பை தைக்கிறவர். பூர்வீகம் திசையன்விளைப் பக்கம். ஸ்கூல் பை, டிராவல் பை, ஸிப், பக்கிள் எல்லாம் அவர் பட்டறையில் நடக்கும். என் ஆபீஸ் பையும் டிஃபன் பையும் இருபது வருஷமாக அவர் கைவேலைதான். என்னைவிட இளையவர், ஆனாலும் தெருவே அண்ணாச்சி என்பதால் எனக்கும் அண்ணாச்சி.

அவர் பட்டறையில் பாயில் பாதியைக்கூட விரிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு கல்யாண ஹாலைத் திறக்கச் சொல்லி, தரையில் விரித்தோம். கிழிசல் கால் மணி வேலை என்றார். அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது. பாய் தரையில் படியவில்லை. நடுவில் உப்பிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி முழங்காலிட்டு அமுக்கிப் பார்த்தார். "மாமி, இது என்ன, வயிறு தள்ளிக்கிட்டு நிக்கி? இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் எந்திரிக்கி."

எனக்கு அது அசிங்கமாக இருந்தது. நான் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தூங்காதவள். "பழசு இல்லையா அண்ணாச்சி, காத்துல இழுத்து இழுத்துத் தொய்ஞ்சு போயிருக்கு. பிடிச்சுத் தைச்சு சமமாக்கிடுங்கோ."

"செய்யட்டா? சார் ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"சார் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன."

"அப்பஞ் சரி. ஏக்தம் ப்ளாட்டா ஆக்கித் தாரேன்."

சொன்னபடி செய்தார். துண்டு துண்டாக இணைத்திருந்த தையல்களில் எல்லாம் உள்ளே மடித்துப் பிடித்து, இரட்டைத் தையல் போட்டார். நாலாம் நாள் ஹால் தரையில் பாய் கோலம் போட்ட மாதிரி படிந்து கிடந்தது. நான் கைதட்டாத குறை. இவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பாயைப் பார்த்துத் தானாகவே பாராட்டட்டும் என்று இருந்தேன். பாராட்டவும் செய்தார். "பளிச்சுனு இருக்கே" என்றார். அதை முதன்முதலாக ஏற்றியது அந்தச் சனிக்கிழமைதான்.

தெரிந்தும் வாய் திறக்காத இரண்டு நாள்

சனிக்கிழமை நகராத படகு ஞாயிற்றுக்கிழமையும் நகரவில்லை. இவர் கயிறுகளைக் குற்றம் சொன்னார், பிறகு அடிப்பக்கத்துப் பெயின்டைச் சொன்னார், கடைசியில் தன்னைச் சொன்னார். அறுபத்து மூன்று வயதில் கை நடுங்குகிறதா என்று நீட்டி வைத்துப் பார்த்தார்.

அப்போது பந்தயப் படகுகள் நாலைந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. எல்லாப் பாய்களும் ஏழு மாதக் கர்ப்பிணி போலக் காற்றை நிரப்பிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தட்டையாக இல்லை. நான் எங்கள் பாயைப் பார்த்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஐந்து வயதிலிருந்து தையல் மெஷின் மிதித்தவள் நான். ரவிக்கையில் ஏன் பிடிப்பு வைத்துத் தைக்கிறோம், துணி ஏன் தட்டையாக இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா?

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமும் பயமும்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. ஆபீஸில் தப்பு செய்தவரைத் தேடிப் பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவளுக்குத் தன் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை.

திங்கட்கிழமை மாலை இவர் போனை எடுத்து அலிபாக்காரரைக் கூப்பிட்டார். "தீபாவளிக்கு மறுநாள் வந்து பாருங்கோ" என்று அமைதியாகச் சொன்னார். பிறகு போனைத் துடைத்து வைத்துவிட்டு, பாயை அழகாக மடித்து மூடினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மடிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பாயின் வயிற்றிலிருந்து இரட்டைத் தையல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றுலாப் படகின் அலை வந்தது. இரண்டு பேரும் டம்ளரைத் தூக்கவில்லை. காபி மேஜை முழுக்க ஓடியது.

"எவ்ளோ பிடிச்சார்?" என்றார்.

"ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு விரக்கடை."

"அப்போ... நான் இல்லையா? என் கை இல்லையா?"

"உங்க கைக்கு என்ன கேடு. எல்லாம் என் வாய்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு அவருக்கு இத்தனை சந்தோஷம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி கடலுக்கு வந்தார்

மும்பையில் முப்பது வருஷம் இருந்தும் செல்லத்துரை அண்ணாச்சி படகில் ஏறியதில்லை. புதன்கிழமை எங்கள் ரப்பர் படகில் கண்ணை மூடிக்கொண்டு வந்து, மார்கரெட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இவர் பாயை ஏற்றிக் காட்டினார். பிறகு முகப்பில் ஏறும் பழைய சின்ன முன்பாயை ஏற்றினார். அது அண்ணாச்சியின் கை படாதது. ஏறியதும் டப்பென்று உப்பியது, படகு மிதவையை இழுத்துக்கொண்டு திமிறியது.

அண்ணாச்சி அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறி இருந்தாலும் கண் தெளிவாக இருந்தது.

"மாமி, இது காத்த அள்ளுத பைல்லா? பைக்கு வயிறு இல்லாட்டா அதுல என்னத்த வைக்க முடியும்? நீங்க துணின்னு சொல்லித் தந்திய, நான் துணியாத் தச்சிட்டேன். பைன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா தொட்டே இருக்க மாட்டேனே."

சொல்லிவிட்டு, திரும்பி, கடலுக்குத் தன் காலைச் சாப்பாட்டைக் கொடுத்தார். இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தீபாவளிக்கு அவர் ஆட்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தக் கல்யாண ஹாலில் நானும் அவருமாக உட்கார்ந்தோம். நான் பிளேடால் இரட்டைத் தையலைப் பிரித்தேன். அவ்வளவு உறுதியாகத் தைத்ததற்காக அவரையும், தைக்கச் சொன்னதற்காக என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே பிரித்தேன். பழைய ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் ரெயின்கோட்டுக்கு வைத்திருந்த நீலத் துணியை ஒட்டிப் பட்டையாகத் தைத்தார். வெள்ளைப் பாயில் ஏழு நீலக் கோடு விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பாய் வந்து சேர்ந்தது. கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு லேபிள். 'செல்லத்துரை பேக்ஸ், தாராவி'.

"இப்பம் இது நம்ம சரக்கு" என்றார்.

சூரியன் வந்தாச்சு

தீபாவளி. விடிகாலை நாலரைக்கு எழுந்து, நல்லெண்ணெய் காய்ச்சி, இரண்டு பேர் தலையிலும் வைத்தேன். காற்று செத்துக் கிடந்தது. கடலும் எங்களுக்கு எதிராக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பகல் பதினொன்றரைக்கு மேல்தான் இறங்கும், காற்றும் அப்போதுதான் வரலாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நகரம் முழுக்க வெடிச் சத்தம் கேட்டது. வெந்நீர் அடுப்பில் கொதித்தது.

இவர் வாளியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "போச்சு விஜி. நீ ஜெயிச்சே. ஆறறதுக்குள்ள குளிச்சுட்டு வா. நாளைக்கு அலிபாக்காரர் வருவார்."

நான் அடுப்பை அணைத்தேன். "யார் குளிக்கப் போறா?"

"இன்னிக்கு தீபாவளி."

"இருக்கட்டும். நான் சொன்னது என்ன? கங்கா ஸ்நானம் பண்றதுக்குள்ளன்னுதானே. நான் இன்னும் பண்ணலையே."

இவர் என்னைப் பார்த்தார். நான் படகின் ஓரத்தில் கட்டி வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தேன். இவர் புரிந்துகொண்டு வாளியைத் திரும்ப உள்ளே வைத்தார். இவரும் குளிக்கவில்லை.

ஏழு மணிக்கு லலிதா கூப்பிட்டாள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"இல்லை. எண்ணெய் மட்டும் வெச்சுண்டிருக்கேன்."

"சூரியன் வந்தாச்சுடி."

"வந்தா வரட்டும்."

எட்டரைக்குக் கூப்பிட்டாள், பத்துக்குக் கூப்பிட்டாள். என் கழுத்தில் எண்ணெய் வழிந்தது, கண் எரிந்தது, காதோரம் ஈ மொய்த்தது. மீன்பிடிப் படகுக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். லலிதா கொடுத்தனுப்பிய லேகியத்தை வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு உருண்டை சாப்பிட்டோம். உட்கார்ந்திருந்தோம்.

பதினொன்றே முக்காலுக்குப் பக்கத்துப் படகின் கொடி ஒரு தடவை அசைந்தது. பிறகு நின்றது. பிறகு நிற்காமல் அசைந்தது.

இவர் பாயை ஏற்றினார். ஏழு நீலக் கோடும் மேலே போயின. கயிற்றைப் பிடித்து இழுத்ததும் கோடுகள் வளைந்தன. மார்கரெட் தோளைச் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள். நான் மிதவைக் கயிற்றை அவிழ்த்துப் போட்டேன். இறங்குகிற கடலும் எங்களோடு சேர்ந்துகொண்டது. தாஜ் பின்னால் போனது, கொலாபாவின் கட்டடங்கள் போயின. மீன்பிடிப் படகுக்காரர் வாயில் கைவைத்து மூன்று விசில் அடித்தார்.

துறைமுகத்தின் எல்லையான கொலாபா முனைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் அலையின் சுபாவம் மாறியது. நான் முன்பக்கம் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய அலை முகப்பில் மோதி எழும்பி, என் தலையில் முழுசாக இறங்கியது. உச்சியிலிருந்து கால்வரை நனைந்தேன். பின்னால் இவர் சிரிப்பது கேட்டது, அடுத்த அலையில் அவரும் நனைந்தார்.

உறைக்குள் இருந்த போன் அடித்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"இப்பவாவது ஆச்சாடி?" என்றாள் லலிதா.

உதட்டில் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து ருசித்தது. சுக்கான் கட்டையில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை.

"ஆச்சு லலிதா. ரெண்டு பேருக்கும் ஆச்சு. மணி பார்த்துக்கோ, நீதான் சாட்சி."